ஆறு வருட கேம் அக்கவுண்டை விற்கலாமா? வாங்க வந்தவர் மெயிலோடு சேர்த்துக் கேட்கிறார்

மொட்டைமாடி · திங்கள், இரவு 11:20

வணக்கம். இதுவரை இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆறு வருடமாக ஒரே மொபைல் கேமை ஆடிவருகிறேன். கோட்டை கட்டுவது, படை சேர்ப்பது, அடுத்தவன் கோட்டையைப் போய் இடிப்பது, அந்த வகை. என் கோட்டை கடைசி லெவலுக்கு வந்தாயிற்று. இப்போது எங்கும் கிடைக்காத பழைய ஸ்கின்கள் (கேமில் மாட்டுகிற அலங்காரத் தோற்றங்கள்) பதினொன்று இருக்கின்றன. 48 பேர் சேர்ந்து ஆடும் ஒரு குழுவுக்கு, கிளான் என்பார்கள், நான்தான் தலைவர்.

இரண்டு மாதத்துக்கு முன்பு எங்களுக்குக் குழந்தை பிறந்தது. அதோடு என் ஆட்டம் முடிந்தது. போன வாரம் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் படையை இறக்கினேன். இறங்கவேண்டியது மேற்குப் பக்கம், இறங்கியது கிழக்குப் பக்கம். கிளானில் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சரி, விற்றுவிடலாமே என்று ஒரு குழுவில் ஸ்க்ரீன்ஷாட் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் வந்துவிட்டார். அவர் அனுப்பியது அப்படியே:

"ப்ரோ ஐடி சேலா? மெயில் சேத்து குடுத்தா நல்ல ரேட். மெயில் இல்லாம வேணாம். மிடில்மேன் நம்ம ஆளு இருக்கான், டென்ஷன் வேணாம்."

சொன்ன தொகை நான் மனதில் வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. பேரமே பேசவில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

பணத்தை முதலில் வாங்கவேண்டுமா, அக்கவுண்டை முதலில் கொடுக்கவேண்டுமா? கேம் இணைந்திருக்கிற அந்த மெயில் நான் முதல் ஸ்மார்ட்ஃபோன் வாங்கியபோது திறந்தது, எனக்கு எல்லாமே அதில்தான். அதைக் கொடுக்காமல் விற்க வழி உண்டா? அப்புறம், இப்படி விற்பது சட்டப்படி தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனைவியிடம் கேட்டால் "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து பிள்ளையைப் பிடியுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

---

தூக்கம்தொலைத்தவன் · செவ்வாய், அதிகாலை 1:05

தலைவா, நீங்கள் விற்கிற பக்கம். நான் வாங்கி ஏமாந்த பக்கம். ஆனாலும் என் கதையைக் கேளுங்கள், உங்கள் மூன்று கேள்விக்கும் அதில் பதில் கிடைக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு அக்கவுண்ட் வாங்கினேன். குலுக்கலில் கதாபாத்திரம் எடுக்கிற வகை கேம். எனக்குப் பிடித்த கதாபாத்திரம் வருடத்துக்கு ஒரு முறைதான் குலுக்கலுக்கு வரும், அதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கொடுத்தது அரை மாதச் சம்பளம். வீட்டில் இன்றுவரை தெரியாது.

விற்றவர் மரியாதையான ஆள். அவசரப்படுத்தவே இல்லை. அக்கவுண்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டி வீடியோ அனுப்பினார். அந்த வீடியோவில் அவர் ஃபோனின் வலது மேல் மூலையில் ஒரு விரிசல் இருக்கும், சிலந்தி வலை மாதிரி. அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

பணம் போனதும் மெயில் முகவரி, பாஸ்வேர்டு இரண்டையும் கொடுத்துவிட்டார். நான் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். மீட்பு எண்ணை என்னுடையதாக்கினேன். மற்ற ஃபோன்களிலிருந்து எல்லாவற்றையும் லாக் அவுட் செய்தேன். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, 30 நொடிக்கு ஒரு முறை மாறுகிற ஆறு இலக்கக் குறியீடு என் ஃபோனில் மட்டும் வருகிற மாதிரி செய்தேன். கூகுளில் ஒரு விஷயம் உண்டு: மீட்பு எண்ணை மாற்றினாலும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கும் குறியீடு அனுப்ப வாய்ப்பிருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும். ஏழு நாளும் விரலை மடக்கி எண்ணினேன். எட்டாவது நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐம்பத்து மூன்றாவது நாள். இரவு இரண்டு மணி இருக்கும். ஒரு பெரிய அரக்கனை அடித்துக்கொண்டிருக்கிறேன், அவன் உயிர் கால்வாசிதான் பாக்கி. திரை அப்படியே நின்றது. "உங்கள் கணக்கு வேறொரு கருவியில் திறக்கப்பட்டுள்ளது." திரும்ப நுழைந்தேன், வெளியே தள்ளியது. இன்னொரு முறை நுழையப் பார்த்தால் "இந்த மெயிலில் கணக்கு எதுவும் இல்லை" என்கிறது.

மெயிலைப் போய்ப் பார்த்தேன். என் பாஸ்வேர்டு வேலை செய்கிறது, குறியீடு வருகிறது, யாரும் உள்ளே வந்த தடயம் இல்லை. பூட்டும் சாவியும் பத்திரமாக என் கையில் இருக்கிறது, வீட்டை மட்டும் காணோம்.

எப்படி நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. விற்ற ஆள் மெயில் பக்கமே போகவில்லை. நேராக கேம் கம்பெனியின் உதவி மையத்துக்கு எழுதியிருக்கிறான், "என் ஃபோன் தொலைந்தது, யாரோ என் மெயிலை ஹேக் செய்துவிட்டார்கள்" என்று. அவன் கையில் பழைய ரசீது இருக்கிறது, எந்த மாதம் தொடங்கினான் என்பது தெரியும். அவர்கள் அக்கவுண்டை வேறொரு மெயிலோடு இணைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் அவன் பறிகொடுத்தவன், நான் திருடன்.

நானும் எழுதினேன். மூன்று கேள்வி வந்தது: எந்த மாதம் தொடங்கினீர்கள், முதலில் ஆடிய ஃபோன் மாடல் என்ன, முதல் வாங்குதலின் ஆர்டர் எண் என்ன. அரை மணி நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஃபோன் மாடலுக்கு எதையோ ஊகித்துப் போட்டேன். இரண்டு வரியில் மறுப்பு வந்தது.

மூன்று வாரம் கழித்து வேறொரு குழுவில் அதே அக்கவுண்ட் விற்பனைக்கு வந்தது. புது வீடியோகூட எடுக்கவில்லை. மூலையில் அதே சிலந்தி வலை.

ஆத்திரத்தில் உதவி மையத்துக்கு நடந்ததை முழுதாக எழுதினேன், நான் காசு கொடுத்து வாங்கியது உட்பட. ஒரே நாளில் பதில். அக்கவுண்டை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதே ஃபோனில் நானே முதலிலிருந்து ஆடிவந்த என் சின்ன அக்கவுண்டும் கூடவே போனது. அது போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களிடம் வந்த ஆள் ஏன் மெயிலோடு கேட்கிறான் என்று இப்போது தெரிகிறதா? என்னைப்போல ஒரு முறை அடிபட்டிருப்பான். இல்லையென்றால் அந்த மெயில்தான் அவனுக்கு வேண்டியதே.

---

காசுபார்த்தவன் · செவ்வாய், காலை 8:40

எல்லாரும் பயமுறுத்தினால் எப்படி? நான் மூன்று அக்கவுண்ட் விற்றிருக்கிறேன். ஒன்றிலும் பிரச்சினை இல்லை. பணம் முதலில் வாங்குங்கள், வந்ததும் கொடுங்கள், ஆளை பிளாக் செய்யுங்கள், முடிந்தது. விதி கிதி எல்லாம் பேப்பரில்தான். வாங்குகிறவன் ஏமாறுவது அவன் கவலை, விற்கிறவனுக்கு என்ன வந்தது?

---

டிக்கெட்மேஜை · செவ்வாய், மதியம் 1:15

ஒரு கேம் கம்பெனிக்காக உதவி மையத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். "என் அக்கவுண்ட் போச்சு" என்ற டிக்கெட்டுகள், அதாவது புகார்கள்தான் என் மேஜைக்கு வரும். மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. அது திருடனுக்கும் தெரியும். அக்கவுண்டின் பழைய கதை யாருக்குத் தெரியும் என்றுதான் பார்ப்போம். தொடங்கிய காலம், அன்றைய ஃபோன், முன்பு வைத்திருந்த பெயர், வழக்கமாக எந்தப் பகுதியிலிருந்து இணைவார், எதையெல்லாம் வாங்கினார். இதில் கனமானது ரசீதுதான். ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் ஜிபிஏ என்று தொடங்கும் நீளமான ஆர்டர் எண் மெயிலுக்கு வந்திருக்கும். அதை ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

அதனால்தான் தூக்கம்தொலைத்தவனின் கதையில் யார் மேலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்த டிக்கெட் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் விற்றவனிடம்தான் கொடுத்திருப்பேன். விற்கிறவர் ஞாபகத்தை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. அவர் நல்லவராக இருக்கிறவரைக்கும்தான் வாங்கியவரிடம் அக்கவுண்ட் இருக்கும்.

காசுபார்த்தவனுக்கு: விதி பேப்பரில் இருப்பது உண்மை, அந்தப் பேப்பரை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் நடத்துகிற சூப்பர்செல் கம்பெனியின் விதிமுறையில் அக்கவுண்டின் மேல் ஆடுபவருக்குச் சொத்துரிமை எதுவும் இல்லை என்றே இருக்கிறது. விற்பது, வாங்குவது, பகிர்வது மூன்றுக்கும் தடை. பெரிய கேம்கள் பெரும்பாலும் இதே மாதிரிதான் எழுதிவைத்திருக்கின்றன. ஆகவே மொட்டைமாடி, உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: உங்கள் சொந்த அக்கவுண்டை விற்பது முதலில் கம்பெனியோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தை மீறுவது. அதற்கு அவர்கள் தருகிற தண்டனை முடக்கம். அதைத் தாண்டிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் விதியை மீறின வியாபாரத்தில் ஏமாந்துவிட்டு அதே கம்பெனியிடம் போய் முறையிட முடியாது. அந்த இடத்தில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள்.

சந்தையில் வருகிற சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் சொந்தமாக ஆடி விற்பவர்கள் ஒரு பகுதிதான். இன்னொரு வகை, எங்களைப் போன்ற உதவி மையத்தை ஏமாற்றி இழுக்கப்பட்டவை. வருடக்கணக்கில் தூங்குகிற ஒரு நல்ல அக்கவுண்டைப் பார்த்துவைத்து, அந்த ஆளைப் பற்றிப் பொதுவெளியில் கிடைப்பதையெல்லாம் பொறுக்கி, அவர் மாதிரியே எழுதிக் கேட்பார்கள். ஒரே ஆள் ஒரே மாதிரி வாக்கியத்தில், ஒரே எழுத்துப்பிழையோடு, ஐந்து அக்கவுண்டுகளுக்கு எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாவதில்தான் பிடித்தோம். முதல் நான்கு அதற்குள் யார் யாரிடமோ விலைபோயிருக்கும். வாங்கியவர்களுக்கு அது திருட்டுப் பொருள் என்பதே தெரிந்திருக்காது.

மூன்றாவது வகை, திருட்டு கார்டில் ரத்தினம் (கேமுக்குள் செலவழிக்கிற காசு) நிரப்பியவை. கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் சொன்னதும் பணம் திரும்பிப் போகும், அந்தத் தகவல் கம்பெனிக்கும் வரும். பல கேம்களில் ரத்தினக் கணக்கு மைனஸுக்குப் போய்விடும். இருபதாயிரம் ரத்தினம் இருக்கிறது என்று வாங்கினவர், ஒரு காலையில் மைனஸ் பதினெட்டாயிரத்தைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு எழுதுவார்.

---

தூக்கம்தொலைத்தவன் · செவ்வாய், மதியம் 2:02

//அந்த டிக்கெட் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் விற்றவனிடம்தான் கொடுத்திருப்பேன்//

இரண்டு வருடமாக அந்த மேஜையில் இருந்தவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, விடுங்கள்.

காசுபார்த்தவன் அண்ணா, "பணம் வந்ததும் முடிந்தது" என்கிறீர்களே, பணம் வந்துவிட்டது என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்? ஸ்க்ரீன்ஷாட் பார்த்தா? அதைத் தயாரித்துக் கொடுக்கவே செயலிகள் இருக்கின்றன. சரி, பணம் நிஜமாகவே கணக்கில் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கார்டு வழியாக வந்திருந்தால், கொடுத்தவர் "இதை நான் செய்யவில்லை" என்றோ "பொருள் வரவில்லை" என்றோ வங்கியில் ஆட்சேபிக்க வழக்கமாக 120 நாள் வரை நேரம் உண்டு. பேபாலில் 180 நாள். அக்கவுண்டையும் வைத்துக்கொண்டு பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் கொடுத்துவிட்டதற்கு என்ன அத்தாட்சி காட்டுவீர்கள்? கூரியர் ரசீதா?

அதைத் தடுக்கத்தான் விற்பவர்கள் "நண்பர், குடும்பத்தாருக்கு அனுப்புகிற வழியில் அனுப்பு" என்பார்கள். அப்படி அனுப்பினால் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆக எந்த வழியில் அனுப்பினாலும் இரண்டு பேரில் ஒருவர் இடுப்பில் துண்டில்லாமல்தான் நிற்கவேண்டும். யார் என்பதைத்தான் நீங்கள் பேரம் பேசுகிறீர்கள்.

நடுவில் நின்று அக்கவுண்டையும் பணத்தையும் கைமாற்றிவிடுகிற மிடில்மேன் கதையும் இதே கதைதான். "நம்ம ஆளு" என்று அவன் சொன்னால் அது அவன் ஆள், உங்கள் ஆள் அல்ல. நீங்களாகத் தேடிப்பிடித்தாலும் நிம்மதி இல்லை. பெயர்பெற்ற மிடில்மேன்களுக்குப் போலி உண்டு: அதே படம், அதே பெயர், ஆங்கிலத்தில் சிறிய எல் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ஐ. ஃபோன் திரையில் இரண்டும் ஒரே குச்சிதான். அந்தக் குச்சியை நம்பி என் நண்பன் ஒருவன் அக்கவுண்ட், பணம் இரண்டையும் ஒரே கையில் கொடுத்தான்.

---

காசுபார்த்தவன் · செவ்வாய், மாலை 6:30

தம்பி, கோபப்படாதீர்கள். நான் விற்ற மூன்றும் பெரிய சரக்கு இல்லை. குலுக்கல் கேம்களில் புதிதாகத் தொடங்கி, இலவசமாகத் தருகிற குலுக்கல்களை மட்டும் ஆடி, நல்ல கதாபாத்திரம் விழுந்ததும் நிறுத்திவிடுவேன். நான் காசு போட்டதில்லை, ரசீது இல்லை, கேமுக்கென்றே திறந்த வெற்று மெயில். வாங்குகிறவனுக்கும் போனால் போகிறது என்கிற விலைதான். அதனால் இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆறு வருடச் சரக்கு வேறு கதை, ஒத்துக்கொள்கிறேன். அதுவும் சொந்த மெயிலில் இருப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

---

டிக்கெட்மேஜை · செவ்வாய், மாலை 7:10

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வரலாறு இல்லாத அக்கவுண்டைத் திரும்ப இழுக்கவும் பிடி குறைவு, இழுத்தாலும் லாபம் குறைவு. விதிமீறல் என்பது மாறவில்லை, நஷ்டம் மட்டும் சின்னது. வாங்கியவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்த வெற்று மெயிலை யாருமே திறக்காமல் கிடந்தால், இரண்டு வருடம் பயன்படாத தனிநபர் கணக்குகளை நீக்குவது 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் வழக்கம். கேம் தினமும் ஆடுகிறோமே என்று மெயிலை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

---

பூனைக்கண் · செவ்வாய், இரவு 9:48

ஆப்பிள் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை, யாரும் இன்னும் சொல்லவில்லை. இது என் தம்பிக்கு நடந்தது.

அக்கவுண்ட் விற்றவன் கேம் ஐடிக்குப் பதிலாக ஒரு ஆப்பிள் ஐடியையே கொடுத்தான். "செட்டிங்ஸில் மேலே உன் பெயர் இருக்கும் இல்லையா, அங்கே போய் வெளியேறிவிட்டு இதைப் போட்டு உள்ளே வா, கேம் தானாக வந்துவிடும்" என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். தம்பியும் நல்ல பிள்ளையாகச் செய்தான். கேம் வந்தது. சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வருவதற்குள் திரை இருண்டது. ஃபோன் தொலைந்துவிட்டதாக ஒரு அறிவிப்பு, கீழே தொடர்புகொள்ள ஒரு முகவரி.

அந்த இடத்தில் ஒருவருடைய ஆப்பிள் ஐடியைப் போட்டால் ஃபோனைக் கண்டுபிடிக்கும் வசதி அவர் பெயரில் வந்துவிடுகிறது. அவர் எங்கிருந்து வேண்டுமானாலும் "என் ஃபோன் தொலைந்தது" என்று பூட்டலாம். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது திருடர்களைத் தடுக்கவென்றே கொண்டுவந்த பூட்டு, ஃபோனை அழித்து மறுபடி தொடங்கினாலும் அதே ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும். அதை வைத்தே மிரட்டுகிறார்கள்.

அந்த முகவரிக்கு எழுதினோம். அக்கவுண்டுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கேட்டான். கொடுக்கவில்லை. ஃபோன் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அதில் எங்கள் பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் வீடியோ இருந்தது, வேறு எங்கும் பிரதி இல்லை. தம்பி அந்த இழுப்பறையைத் திறப்பதே இல்லை.

---

மொட்டைமாடி · புதன், இரவு 10:35

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பூனைக்கண் அக்கா, அந்த வீடியோவைப் பற்றிப் படித்ததும் என் ஃபோனில் இருக்கிற பிள்ளையின் படங்களை முதலில் பிரதி எடுத்தேன். அதுவே இந்தக் கேள்வியால் வந்த லாபம்.

நேற்று இரவு பிள்ளை தூங்கியதும், டிக்கெட்மேஜை சொன்ன மூன்று எழுத்தை என் மெயிலில் தேடிப்பார்த்தேன். 61 ரசீது. முதலாவது, கேம் தொடங்கிய நான்காவது நாள், மிகச் சின்னத் தொகை. அன்று அதை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் யோசித்தது ஞாபகம் வந்தது. கடைசியாக வாங்கியது போன வருடம், யோசிக்கவே இல்லை.

அதே மெயிலில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று அப்படியே கீழே உருட்டினேன். வங்கிக் கணக்கு அறிக்கைகள். வேலையில் சேர்ந்த கடிதம். பிள்ளையின் முதல் ஸ்கேன். எங்கெங்கோ பாஸ்வேர்டு மறந்தபோது வந்த மீட்பு லிங்குகள், நூற்றுக்கணக்கில். ஒருவரிடம் இந்த மெயில் இருந்தால் என் பெயரில் என்னென்ன திறக்கலாம் என்று எண்ண ஆரம்பித்து, ஒன்பதில் நிறுத்திவிட்டேன்.

இருந்தாலும் ஒரு ஆசை. வந்த ஆளிடம் "மெயில் தரமாட்டேன், கேமை உங்கள் மெயிலுக்கு மாற்றித் தருகிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. வந்த பதில்:

"ஓகே ப்ரோ. அப்ப பர்ச்சேஸ் ரிசீட் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் குடு. ஃபர்ஸ்ட் ஃபோன் மாடல், ஸ்டார்ட் பண்ண மாசம், பழைய நேம் எல்லாம் எழுதி அனுப்பு. இப்ப ஒரு ஓடிபி வரும், ஐடி ஒரிஜினலானு செக் பண்ண, அதை மட்டும் சொல்லு."

பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

---

டிக்கெட்மேஜை · புதன், இரவு 10:52

அவர் கேட்டிருப்பது எங்கள் படிவம். வரிசைகூட மாறவில்லை. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினீர்களா?

---

மொட்டைமாடி · புதன், இரவு 10:55

இல்லை. ஓடிபி மட்டும் உண்மையாகவே வந்தது. மெயிலின் பாஸ்வேர்டை மாற்ற யாரோ கேட்கிறார்களாம்.

---

தூக்கம்தொலைத்தவன் · புதன், இரவு 10:57

சொல்லாதீர்கள். இப்போதே மெயில் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள், எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். குழுவில் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டில் உங்கள் பிளேயர் எண் தெரிகிறதா? தெரிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் உதவி மையத்துக்கு எழுத ஆரம்பிப்பார்கள்.

---

டிக்கெட்மேஜை · புதன், இரவு 11:01

கூடவே, கேமுக்குள்ளிருந்தே உதவி மையத்துக்கு இன்றே ஒரு வரி எழுதிவையுங்கள்: "என் அக்கவுண்டை மீட்டுத்தரச் சொல்லி வேறு யாராவது கேட்கலாம், அது நான் அல்ல." எல்லா இடத்திலும் பயன்படும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அக்கவுண்டைத் திறக்கிறவர் கண்ணில் பழைய குறிப்பு ஒன்று பட்டால் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். நான் யோசித்திருக்கிறேன்.

---

மொட்டைமாடி · வியாழன், காலை 6:15

எல்லாம் செய்தாயிற்று. பிளேயர் எண் ஸ்க்ரீன்ஷாட்டில் பளிச்சென்று இருந்தது, அழித்துவிட்டேன். கருவிப் பட்டியலில் என் பழைய ஃபோன் ஒன்று இன்னும் இருந்தது, மூன்று வருடத்துக்கு முன்பு யாருக்கோ கொடுத்தது. அதையும் வெளியேற்றினேன்.

கிளான் தலைமையை என் துணைத்தலைவரிடம் கொடுத்துவிட்டேன். நான்கு வருடமாகச் சேர்ந்து ஆடுகிறோம், நேரில் பார்த்ததில்லை. அவருக்குக் கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள் என்பதே நேற்றுதான் தெரிந்தது. "முதல் ஒரு வருடம் இப்படித்தான், அப்புறம் ராத்திரியில் நேரம் கிடைக்கும், மெதுவாக வா. உன் இடத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன், கிழக்குப் பக்கம் மட்டும் இறக்காதே" என்றார்.

அந்த ஆளை இன்னும் பிளாக் செய்யவில்லை, எத்தனை நாள் முயல்வார் என்று பார்க்க ஒரு ஆர்வம். இரவு முழுக்கப் பிள்ளைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தேன், 3:40-க்கு ஒரு முறை, 4:55-க்கு ஒரு முறை வந்திருந்தது.

"ப்ரோ?"

"ப்ரோ ஓடிபி?"